தையல் அறைக்கு இடமில்லை

நவம்பர் 3, திங்கள்

மூடுபனி. ஐந்தாவது நாள். பூம்ப்ளிஸ் ஸ்டேஷனில் ரயில் ஆறு நிமிடம் தாமதம். இடது கையுறையைத் தொலைத்தேன்.

வாங்க: பால், உப்பு, இவருக்கு முதுகுக்குப் பூசும் தைலம்.

காலை இடைவேளையில் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல். வியாழன் மதியம் ரொக்கெட் புறப்படுவதைப் பெரிய மண்டபத்தில் திரை போட்டுக் காட்டப் போகிறார்கள். வெளிநாட்டு விருந்தினர், பத்திரிகைக்காரர், பார்த்து முடிய வைனும் கடிப்பதற்குச் சிற்றுண்டியும். அறுபத்துநான்கு பெயர். இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் விரலை வைத்து வாசித்தேன். கணக்குப் பிரிவு இருக்கிறது. வாசலில் இருக்கும் வரவேற்புப் பெண் இருக்கிறாள், ஓகஸ்டில்தான் வேலைக்கு வந்தவள். முதலாளியின் மனைவி இருக்கிறா. தையல் அறை இல்லை. எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட இல்லை.

அந்த ரொக்கெட்டில் போய்ப் பூமியைச் சுற்றப் போகிற செய்மதிக்குப் போர்வை தைத்தது நாங்கள் ஐந்து பேர். பதினான்கு மாதம். தலைமயிரை விட மெல்லிய பொன் நிறத் தாள், இருபது அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் வலை. வெட்டி, தைத்து, மூலை மடித்து, குழந்தைக்கு உடுப்புப் போடுவது மாதிரி அளவு பார்த்து. மேலே வெயில் பட்ட பக்கம் எரியும், படாத பக்கம் உறையும். போர்வை இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற இயந்திரம் ஒரு நாள் தாங்காது. இதை எனக்குச் சொல்லித் தந்ததும் அந்த அறுபத்துநான்கு பேரில் ஒருவர்தான்.

எங்கள் பகுதிப் பொறுப்பாளர் றெனே (இனி றெ.). போய்க் கேட்டேன். இருக்கை போதாதாம். அடுத்த வேலைக்குத் தவணை நெருங்குகிறதாம். எல்லாரும் எழும்பி வந்தால் தைப்பது யார் என்று சிரித்தார்.

எதிர்மேசை மிலிட்சா, சேர்பியாக்காரி. பட்டியலுக்கு முன்னால் நின்று தன் பாஷையில் ஒரு சொல் சொன்னாள். கருத்துக் கேட்கவில்லை. விளங்கியது.

எங்களில் ரூத் சுவிஸ்காரி, பென்ஷனுக்கு நாலு மாதம். அவள் பெயரும் இல்லை. ஆகவே நிறத்தால் வந்ததில்லை. ஊசி பிடிப்பதால் வந்தது. அது இன்னும் எரிகிறது.

நவம்பர் 4, செவ்வாய்

பனி. உடுப்புத் தோய்க்கும் அறை இன்று எங்கள் முறை. கீழ்வீட்டுக்காரி தன் துவாய்களை மெஷினுக்குள்ளேயே விட்டுப் போயிருக்கிறாள். எடுத்துக் கூடையில் போட்டேன். மடிக்கவில்லை.

இரண்டு மணி போல றெ. தையல் அறைக் கண்ணாடியில் தட்டினார். வெளியே வரச் சொன்னார். மனம் மாறிவிட்டாராக்கும் என்று நினைத்தேன். போன மார்கழி நத்தார் விருந்துக்கு நான் பொரித்துக் கொண்டுபோன மீன் ரோல்ஸைப் பற்றிக் கதைத்தார். எல்லாருக்கும் அது இன்னும் நாவில் நிற்கிறதாம். வியாழனுக்கு நூற்றிருபது செய்ய முடியுமா. சாமான் காசு தருவார்களாம். புதன் பின்னேரம் லீவும் தருவார்களாம்.

"யா, கெர்ன்" என்றேன். விருப்பத்தோடு செய்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

நான் சொல்லவில்லை, வாய் சொன்னது. முப்பத்தொரு வருடம் சுவிஸில் பழக்கிய வாய்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மகள் அனுஷா கரண்டியை வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வயது, பேர்ணில் படிக்கிறாள், இந்த நாட்டில் பிறந்தவள், எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டப் பழகாதவள்.

"அம்மா, வரக்கூடாதாம், ஆனா சமைச்சுக் கொண்டு வரட்டாமோ? நீங்கள் ஏன் ஓம் எண்டனீங்கள்?"

இவர்தான் எனக்காகப் பதில் சொன்னார். இவர் எங்கடின் மலைப்பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல். நவம்பரில் ஹோட்டல் பூட்டு, மார்கழி நடு வரை வீட்டில். குடியுரிமைக்கு நான் கோடையில் விண்ணப்பித்தது. அதற்கு வேலையிடத்தில் இருந்து ஒரு கடிதம் வேண்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று. எழுத வேண்டியது றெ.; மூன்று கிழமையாக அது அவருடைய மேசையில் கிடக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியாதது மாதிரி வரிசையாகச் சொன்னார்.

"கடிதம் கைக்கு வருமட்டும் வாயைத் திறவாதையும்."

திறக்கவில்லை. அதுதான் கோபம். இவர் மேல் கொஞ்சம். றெ. மேல் நிறைய. அந்த "கெர்ன்" மேல் எல்லாவற்றையும் விட.

நவம்பர் 5, புதன்

பனி கொஞ்சம் மேலே ஏறியது. பன்னிரண்டு மணிக்கே வீட்டில்.

ரின்னில் அடைத்த மீன் 14. உருளைக்கிழங்கு 6 கிலோ. லீக்ஸ் தண்டு. முட்டை 40. ரஸ்க் தூள். மிளகு வீட்டில் இருக்கிறது.

இவர் லீக்ஸ் வெட்டினார், நான் மாவு ஊற்றிச் சுட்டேன். சமையலில் மட்டும் எங்களுக்குள் சண்டை வராது. இன்று வந்தது. உப்புக் கூட என்றார். வேணுமென்றுதான் போட்டேன் என்றேன். பாத்திரத்தை என் கையில் இருந்து வாங்கி, இன்னும் உருளைக்கிழங்கு பிசைந்து சேர்த்துச் சரிப்படுத்தினார். நல்ல சமையல்காரர். அதுவும் கோபம்.

எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் கொப்புளம்.

அனுஷா வந்து பொரித்ததை அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே நாளைக்கு என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னாள். எனக்காகத் தேடி வாசித்திருக்கிறாள். தென் அமெரிக்காவில் காட்டோரம் பிரெஞ்சுக்காரரின் ஏவுதளம். நெருப்புப் பிடித்தால் பிறகு நிறுத்த முடியாது. இரண்டு நிமிடத்தில் பக்கத்துக் குழாய்கள் இரண்டும் கழன்று கடலில் விழும். கொஞ்சத்தில் ரொக்கெட்டின் மூக்குக் கூம்பு இரண்டாகப் பிளக்கும்.

"அப்பதான் அம்மா, நீங்கள் தைச்சதில முதல் முதல் வெயில் படும்."

ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பதினான்கு மாதம் அந்தத் தாளை லைட் வெளிச்சத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. தூசி வரக்கூடாது.

மூன்று வருடத்துக்கு முந்தியும் ஒன்று போனது. அன்றைக்கு நாங்கள் வெட்டுத்துண்டு பொறுக்கிப் பையில் கட்டிக்கொண்டிருந்தோம். போய்விட்டது என்று சாப்பாட்டு அறையில் யாரோ கதைத்ததில் இருந்துதான் தெரியும். அப்போது கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை?

நவம்பர் 6, வியாழன்

நாலு தட்டும் பையுமாக ரயிலில். பக்கத்தில் இருந்தவர் மணத்துக்கு இருக்கை மாறினார்.

பதினொன்றரைக்கு மண்டபத்துக்குத் தட்டுகளைக் கொண்டுபோனேன். வெள்ளை மேசை விரிப்பு, வாடகைக்கு எடுத்த வைன் குவளைகள். திரையில் கம்பெனியின் வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் சரியா என்று. தட்டை வைக்கக் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். திரை முழுக்க என் கைகள்.

வெள்ளைக் கையுறை போட்ட கைகள்தான், யாருடையதும் ஆகலாம். ஆனால் வலது சின்னவிரல் வளைந்தது. சின்ன வயதில் முறிந்து கோணலாகப் பொருந்தியது. பொன் தாளில் மூலை மடிக்கிறேன். கோடையில் ஒருவர் கமெராவோடு வந்து இரண்டு மணித்தியாலம் எடுத்தார், ஞாபகம் இருக்கிறது. அப்போது என் முகத்தையும் எடுத்தார். முகம் இல்லை. கைக்கு அடுத்து, வடிவமைப்புப் பகுதி இளைஞன் ஒருவன் வந்து, இந்தத் துல்லியத்துக்குப் பின்னால் எங்கள் அனுபவம் இருக்கிறது என்று ஜேர்மனில் சொல்கிறான். அவன் ஊசி பிடித்ததை நான் கண்டதில்லை.

றெ. பக்கத்தில் வந்து தட்டுகளைப் பார்த்து, அருமை, அருமை என்றார். இனி நீங்கள் போகலாம் என்றார்.

போனேன். தைத்தேன். ஊசி இரண்டு தரம் தவறியது. பதினொரு வருடத்தில் தவறியதில்லை.

இரண்டு மணி போல செய்தி வந்தது. போகவில்லை. மூன்று நிமிடம் இருக்க நிறுத்திவிட்டார்கள், மேலே காற்றுக் கூடவாம். நாளை அதே நேரம். மிலிட்சா சந்தோஷப்பட்டாள். அவர்களும் பார்க்கவில்லை என்றாள். எனக்கு அந்தச் சந்தோஷமும் வரவில்லை. காற்றுக்குள் அகப்பட்டிருந்தால் என்று நினைத்தேன், அது என்னுடையதல்லவா.

வெறும் தட்டுகளை எடுக்கப் போனேன். ஒன்றுகூட மிச்சமில்லை. விருந்தினர் நாளைக்கும் நிற்கிறார்கள், இன்னொரு நூறு செய்வீர்களா என்று றெ. கேட்டார்.

"நைன்", மாட்டேன் என்றேன்.

களைப்போ என்றார். இல்லை என்றேன். வேறு காரணம் சொல்லவில்லை. தட்டுகளோடு திரும்பி நடந்தேன். ஒரு சொல். இத்தனை வருடம் இதைச் சொல்ல.

நவம்பர் 7, வெள்ளி

முழுக்க எழுத வேண்டும். வரிசையாக.

மதியம் 1.20. மிலிட்சா கத்தரியை வைத்தாள். நானும் வைத்தேன். மண்டபத்துக்குப் போவதென்று காலையில் ரயிலில் இருந்தே தீர்மானம். ஆனால் மிலிட்சாவுக்குச் சொன்னது பதினொரு மணிக்குத்தான். அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள். ரூத் வரமாட்டாள் என்று நினைத்தேன், பென்ஷனுக்கு நாலு மாதம். அவள்தான் முதலில் எழும்பினாள்.

வெள்ளை மேலங்கி, தலைத்தொப்பி, அப்படியே. மாற்ற நேரமில்லை. ஐந்து பேரும் நடைகூடத்தால் நடந்தோம்.

மண்டபக் கதவைத் திறந்தேன். எல்லாத் தலையும் திரும்பியது. முன்வரிசையில் ஐந்தாறு இருக்கை வெறுமை. நேற்று வந்த பத்திரிகைக்காரரில் பாதிப் பேர் இன்று வரவில்லை. இருக்கை போதாதாம். போய் இருந்தோம்.

றெ. குனிந்து வந்து என் காதுக்குள் கேட்டார், என்ன இது, யார் அனுமதி தந்தது, இப்பவே போங்கோ. பின்னால் விருந்தினர். அவர் முகத்தில் சிரிப்பு, குரலில் இல்லை.

ஜேர்மனில் சொன்னேன், மெதுவாக இல்லை. "அது நான் தைச்சது. போறதைப் பாத்திட்டுப் போறன்."

எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், கழுத்தில் விருந்தினர் அட்டை. எட்டிப் பார்த்தாள். நீங்களா தைத்தது என்று கேட்டாள். இத்தாலிக்காரி, பெயர் பாவோலா, செய்மதியைக் கட்டிய இடத்தில் பொறியியலாளர். எங்கள் போர்வையை அங்கே பொருத்தியது அவளுடைய ஆட்கள். ஏழாம் மூலை யாருடையது என்றாள். என்னுடையது என்றேன். இழுக்காமல் தள்ளாமல் தானாகப் போய் இருந்த ஒரே மூலை அதுதானாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, நிமிர்ந்து றெ.க்குச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

திரையில் பச்சைக் காடு, நடுவில் வெள்ளையாக அது. இவ்வளவு தனியாக நிற்கும் என்று நினைக்கவில்லை.

பிரெஞ்சில் எண்ணினார்கள். மிலிட்சா சேர்பியில் எண்ணினாள், சத்தமாக. என் வாயில் தமிழ்தான் வந்தது. ஐந்து, நாலு, மூன்று. கடைசி இரண்டையும் சொன்னேனா என்று தெரியாது.

அடியில் வெளிச்சம். சத்தம் பிறகுதான் வந்தது. ஏறவில்லை, நிற்கிறது என்று நினைத்தேன். பிறகு கோபுரத்தைத் தாண்டியது. என்ன வேகம். எழும்பிவிட்டேன். இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, எல்லாரும் எழும்பியிருந்தார்கள். முகிலுக்குள் போய் மறுபக்கத்தால் வந்தது. ரூத் என் கையைப் பிடித்தாள், நேற்றுமுன்தினம் சுட்ட இடம், நொந்தது, எடுக்கச் சொல்லவில்லை. போ, போ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனாம், பிறகு மிலிட்சா சொன்னாள். என்ன சொல் அது என்று கேட்டாள்.

இரண்டு குழாயும் கழன்றன. அனுஷா சொன்னபடியே. பிறகு ஒன்றுமில்லை, எண்கள் மட்டும். பிறகு மேலே இருந்து ஒரு கமெரா. கூம்பு பிளந்து இரண்டு பக்கமும் போனது, பூவிதழ் மாதிரி, சத்தமே இல்லாமல். உள்ளே பொன் நிறம். நாலு விநாடி இருக்கும். வெயில் பட்டது. இங்கே ஒன்பது நாளாக நாங்கள் காணாத வெயில்.

அந்த நாலு விநாடியில் எனக்கு ஒருவர் மேலும் கோபம் இல்லை.

கை தட்டினார்கள். வைன் குவளைகள் வந்தன. முதலாளி கதைத்தார், எல்லோருக்கும் நன்றி. பிறகு குழுப் படம். படக்காரன் எங்கள் ஐந்து பேரையும் பார்த்து, மேலங்கிக்காரர் கொஞ்சம் ஒதுங்குங்கள் என்றான். றெ. கையால் காட்டினார், அந்தப் பக்கம். ஒதுங்கினோம். கண்ணீர் நிற்கவில்லை, அதனால் சொல் வரவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது. அங்கே சொல்ல வேண்டியது எல்லாம் வருகிறது.

போகும்போது றெ.: திங்கள் பத்து மணி, அலுவலகம், ஆட்களின் விவகாரம் பார்க்கும் ஆளணி அதிகாரியும் இருப்பார்.

நவம்பர் 8, சனி

மழை. பனி போய்விட்டது. அரிசி, வெங்காயம், குப்பைப் பை.

இவர் மதியம் சொன்னார்: "நீர் செய்தது சரி. நேரம்தான் பிழை."

சரியான நேரம் எது என்று கேட்டேன். மன்னாரில் இருந்து வந்து முகாமில் கிடந்தபோதா, பாத்திரம் கழுவினபோதா, அனுஷாவை வயிற்றில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் கூட்டினபோதா. குரல் ஏறிவிட்டது. இவர் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

பின்னேரம் வந்து என் போனைக் கேட்டார். சோபாவில் இருந்து ரொக்கெட் போகும் வீடியோவை மூன்று தரம் பார்த்தார்.

"உந்த மஞ்சள் உம்முடையதோ?"

"ஓம்."

நாலாம் தரமும் பார்த்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

தமிழ்ப் பூசை. பாதருக்கு இருமல். அனுஷா வரவில்லை.

இவர்தான் யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும். கோப்பி மேசையடியில் இரண்டு பேர், நான் பின்னால் நிற்பது தெரியாமல்:

"உவ தானே, ரொக்கெட்டுக்கு ரோல்ஸ் குடுத்தவ?"

"ஓமாம். பிறகு அதுக்குள்ள போய்ச் சண்டையாம்."

திரும்பிச் சொல்ல நினைத்தேன். கோப்பியைக் குடித்துவிட்டுப் போனேன். பூசையிலும் மனம் நிற்கவில்லை. மன்னிக்கச் சொல்லும் இடத்தில் உதடு அசையவில்லை.

நாளைக்கு: நீல பிளவுஸ். காலை மாத்திரை மறக்காமல்.

நவம்பர் 10, திங்கள்

அலுவலகத்தில் மூன்று கதிரை. எனக்கு ஜன்னலைப் பார்த்த கதிரை, கண் கூசியது. ஆளணி அதிகாரி ஒரு தாளைத் தள்ளினார். அனுமதியின்றி வேலையிடத்தை விட்டது, மற்றவர்களையும் தூண்டியது. எழுத்து மூல எச்சரிக்கை. கையெழுத்துப் போட வேண்டும்.

வாசித்தேன். ஆறு வரி. ஒரு சொல் விளங்கவில்லை, கேட்டேன். தூண்டுதல் என்ற சொல்தான் அது.

போட மாட்டேன் என்றேன். நான் தூண்டவில்லை, எழும்பி நடந்தேன். சமைக்கக் கூப்பிட்ட மண்டபத்துக்குள் பார்க்கவும் வந்தேன். என் கைகளைத் திரையில் போட்டீர்கள், என்னைக் கேட்கவில்லை. சொல்லும்போது இலக்கணம் பிழைத்தது, தெரியும். நிறுத்தவில்லை.

அதிகாரி றெ.யைப் பார்த்தார். வீடியோவைப் பற்றி அதிகாரிக்குத் தெரியாது போல.

அப்போது கதவில் தட்டல். ரூத். பின்னால் மிலிட்சா, மற்ற இரண்டு பேர். ரூத் பேர்ண் ஊர்ப் பேச்சு ஜேர்மனில், அவசரமே இல்லாமல் சொன்னாள்: எனக்கு அறுபத்துநாலு வயது, என்னை ஒருவரும் தூண்ட முடியாது, தாள் தருவதென்றால் ஐந்து தாள் தாருங்கள்.

ஐந்து தாள் தரவில்லை. ஒரு தாளும் தரவில்லை. வாய்மொழியாக ஒரு குறிப்பு, அவ்வளவுதானாம். வீடியோவைப் பார்ப்போம் என்றார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. வென்றோம் என்று மிலிட்சா சொல்கிறாள். எதை? இருந்த இடத்துக்கே வந்திருக்கிறோம், அதற்கே இவ்வளவு.

ஆனால் இன்று மிலிட்சா வீட்டில் இருந்து கேக் கொண்டு வந்தாள். தையல் அறைக்கு மட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

குளிர். வெயில். வெயில் உண்மையாக.

காலையில் என் மேசையில் ஒரு உறை. குடியுரிமைக்கான கடிதம். றெ. கடைசியில் எழுதிவிட்டார், ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு வரி. நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி, அமைதியானவர், "உன்ஆவுஃபெல்லிஷ்". கண்ணில் படாதவர், இருப்பதே தெரியாதவர் என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். இங்கே அதை நல்ல குணமாகச் சொல்வார்கள்.

இவருக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நல்லாத்தானே எழுதியிருக்கிறார், உடனே அனுப்பும் என்றார். வைத்துவிட்டேன்.

இடைவேளைக்குக் காத்திருக்கவில்லை. றெ. அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். கடிதத்தை மேசையில் வைத்து அந்தச் சொல்லில் விரலை வைத்தேன். இதை எடுங்கோ என்றேன்.

அது பாராட்டு என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. குடியுரிமை கொடுக்கும் நகரசபையில் விரும்புவார்கள் என்றார். இருக்கலாம் என்றேன். நான் அப்படி இல்லை.

அவருக்குக் களைத்த முகம். கொம்பியூட்டரைத் திருப்பி அந்தச் சொல்லை அழித்தார். அமைதியானவர் என்பதையும் தானாகவே அழித்தார். பிறகு, என்ன போட என்று கேட்டார்.

இதற்கு ஆயத்தமாகப் போகவில்லை. ஆனாலும் சொன்னேன், அவர் இரண்டு விரலால் தட்டினார்: இவர் செய்மதிகளுக்குப் போர்வை தைக்கிறார். தைத்ததற்குத் தானே பொறுப்பு நிற்கிறார்.

அவ்வளவுமா என்றார். அவ்வளவும் என்றேன். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்த்தவில்லை, நான் நன்றி சொல்லவில்லை.

மதியம் சாப்பிடாமல் தபாற்கந்தோருக்கு. நீண்ட வரிசை. முன்னால் நின்ற கிழவர் சில்லறை எண்ணினார், எனக்குப் பொறுமை இல்லை, பெருமூச்சு விட்டேன், கேட்கும்படியே. சாதாரணமா, விரைவா என்று பெண் கேட்டாள்.

விரைவு. நாளைக் காலை நகரசபைக்காரர் மேசையில் இருக்க வேண்டும்.